ஐ.பி. பள்ளியில் புழங்கும் சொற்கள்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

"இந்த யூனிட்டில் ஏ.டி.எல். ஸ்கில்ஸ் நன்றாக வந்திருக்கிறது, சம்மேடிவில் கிரைடீரியன் பி மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டும்." பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர் இப்படிச் சொன்னால் பாதிப் பேர் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். கேட்டால் ஒன்றும் தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம்தான் காரணம். தயவுசெய்து கேளுங்கள். எந்தச் சொல் வந்தாலும் மூன்று விஷயம் தெரிந்தால் போதும்: பிள்ளை கையால் என்ன செய்ய வேண்டும், அதை யார் திருத்துகிறார்கள், இறுதி மதிப்பெண்ணில் அது சேருமா சேராதா. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த மூன்றைச் சுற்றித்தான்.

ஐ.பி. என்பது என்ன? இன்டர்நேஷனல் ஸ்கூல் என்று பலகை வைத்தால் எல்லாம் ஐ.பி. தானா?

இல்லை. ஐ.பி. என்பது இன்டர்நேஷனல் பாக்கலாரியேட், 1968இல் ஜெனீவாவில் தொடங்கிய அமைப்பு. அதனிடம் அங்கீகாரம் வாங்கிய பள்ளிக்குத்தான் ஐ.பி. வேர்ல்ட் ஸ்கூல் என்று பெயர். விண்ணப்பித்துக் காத்திருக்கும் பள்ளியை கேண்டிடேட் ஸ்கூல் என்பார்கள். அங்கே பாடமுறை ஐ.பி. மாதிரியே நடக்கலாம், ஆனால் அங்கீகாரம் இன்னும் வரவில்லை என்று பொருள். ஐ.பி.யின் இணையதளத்தில் பள்ளியின் பெயரைத் தேடினால் எந்தெந்தத் திட்டத்துக்கு அங்கீகாரம் உண்டு என்று தெரிந்துவிடும். சேர்ப்பதற்கு முன்னால் அதைப் பார்த்துவிடுங்கள். ஒரு பள்ளிக்குச் சின்னப் பிள்ளைகள் திட்டத்துக்கு மட்டும் அங்கீகாரம் இருந்து மேல் வகுப்புக்கு இல்லாமலும் இருக்கலாம்.

ஐ.ஜி.சி.எஸ்.இ., ஏ லெவல் என்று பேசினால் அது வேறு குடும்பம். கேம்பிரிட்ஜ், பியர்சன் எட்எக்செல் போன்ற பிரிட்டிஷ் தேர்வு வாரியங்கள் நடத்துவது. பத்தாம் வகுப்பு வரை ஐ.ஜி.சி.எஸ்.இ., அதற்கு மேல் ஐ.பி. டிப்ளோமா என்று இரண்டையும் சேர்த்து வைத்திருக்கும் பள்ளிகளும் நிறைய உண்டு, அதில் தவறு ஒன்றும் இல்லை.

பி.ஒய்.பி., எம்.ஒய்.பி., டி.பி., சி.பி. — இவை என்ன?

வயதுவாரியான நான்கு திட்டங்கள். 3 முதல் 12 வயது வரை பி.ஒய்.பி., அதாவது பிரைமரி இயர்ஸ் புரோகிராம், 11 முதல் 16 வரை எம்.ஒய்.பி., அதாவது மிடில் இயர்ஸ் புரோகிராம், 16 முதல் 19 வரை டி.பி., அதாவது டிப்ளோமா. அதே 16–19 வயதில் தொழில் சார்ந்த படிப்போடு இணைந்தது கரியர் ரிலேட்டட் புரோகிராம் எனும் சி.பி. வரலாற்றில் முதலில் வந்தது டிப்ளோமாதான், எம்.ஒய்.பி. 1994இலும் பி.ஒய்.பி. 1997இலும் சி.பி. 2012இலும் சேர்ந்தன. ஒன்றைப் படித்தால்தான் அடுத்ததில் சேர முடியும் என்ற கட்டாயம் இல்லை. வேறு பாடத்திட்டத்தில் பத்தாவது முடித்துவிட்டு நேராக டி.பி.யில் சேரும் பிள்ளைகள் ஏராளம்.

பி.ஒய்.பி.யில் பாடப்புத்தகத்தையே காணோம். "யூனிட் ஆஃப் இன்கொயரி" என்கிறார்கள். பிள்ளை என்னதான் படிக்கிறது?

பி.ஒய்.பி.யில் ஆண்டுப் பாடம் ஆறு பெரிய கருப்பொருள்களின் கீழ் அமைகிறது: நாம் யார், இடத்திலும் காலத்திலும் நாம் எங்கே இருக்கிறோம், நம்மை எப்படி வெளிப்படுத்துகிறோம், உலகம் எப்படி இயங்குகிறது, நம்மை எப்படி ஒழுங்கமைத்துக்கொள்கிறோம், பூமியைப் பகிர்ந்து வாழ்வது. ஒவ்வொன்றும் சில வாரங்கள் ஓடும் ஒரு யூனிட்.

ஒரு யூனிட்டைப் பிரித்துப் பார்ப்போம். கருப்பொருள் பூமியைப் பகிர்ந்து வாழ்வது, விஷயம் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். "தண்ணீர் எல்லோருக்கும் தேவை, ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை" என்பது போல ஒரு வாக்கியம் வகுப்புச் சுவரில் தொங்கும். அதுதான் சென்ட்ரல் ஐடியா. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, நாம் எதற்கெல்லாம் செலவழிக்கிறோம், சேமிக்க யார் என்ன செய்யலாம் என்று அதைப் பிரித்துக்கொண்டு போகும் மூன்று நான்கு பாதைகள் லைன்ஸ் ஆஃப் இன்கொயரி. பிள்ளை வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை வாளி தண்ணீர் செலவாகிறது என்று எண்ணி எழுதினால் அதற்குள் கணக்கு இருக்கிறது. பட்டை வரைபடம் போட்டால் தரவு கையாளுதல் இருக்கிறது. அதை வகுப்பில் நின்று விளக்கினால் மொழி இருக்கிறது. எல்லா ஆண்டுகளின் யூனிட்களையும் ஒரே அட்டவணையில் போட்டுக் காட்டும் தாளுக்கு புரோகிராம் ஆஃப் இன்கொயரி என்று பெயர். ஒரு பிரதி கேளுங்கள், எந்தப் பள்ளியும் மறுக்காது. பிள்ளை அடுத்து எதைத் தொடப் போகிறது என்பது அதில் ஒரு பார்வையில் தெரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கருப்பொருளுக்குள் அடங்காத அடிப்படை, வாய்ப்பாடு, எழுத்துக்கூட்டல், சரளமாக வாசிப்பது, இவற்றுக்குத் தனி நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். நல்ல பள்ளியில் ஒதுக்கியிருப்பார்கள். பதில் மழுப்பலாக வந்தால் வீட்டில் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

பி.ஒய்.பி.யின் கடைசி ஆண்டில் எக்ஸிபிஷன் என்று ஒன்று வரும். பிள்ளைகள் தாங்களே ஒரு பிரச்சினையை எடுத்து, ஆராய்ந்து, எல்லோர் முன்னாலும் வைப்பது. அலங்கார அட்டையைப் பெற்றோர் செய்து கொடுத்தால் அதன் நோக்கமே போய்விடும், அதனால் கைவைக்காதீர்கள்.

லேர்னர் புரொஃபைல் என்ற பட்டியலில் "ரிஸ்க் டேக்கர்" என்று இருக்கிறதே, இது என்ன ஆபத்தான விஷயமா?

பயப்பட வேண்டாம். ஐ.பி. எல்லா வயதிலும் வளர்க்க விரும்பும் பத்துப் பண்புகளின் பட்டியல் அது: தேடிக் கற்பவர், அறிவுள்ளவர், சிந்திப்பவர், பேசிப் புரியவைப்பவர், நேர்மையானவர், திறந்த மனம் கொண்டவர், அக்கறையுள்ளவர், துணிந்து முயல்பவர், சமநிலை உள்ளவர், தன்னைத் திரும்பிப் பார்ப்பவர். விடை சரியா தவறா என்று உறுதியில்லாதபோதும் கையைத் தூக்குவது, தெரியாத வாத்தியத்தைத் தொட்டுப் பார்ப்பது, இதைத்தான் ரிஸ்க் டேக்கர் என்கிறார்கள். இதற்கு மதிப்பெண் கிடையாது.

ஏ.டி.எல்.?

அப்ரோச்சஸ் டு லேர்னிங். சிந்தித்தல், தகவல் பரிமாற்றம், பழகுதல், தன்னை நிர்வகித்தல், ஆராய்தல் என்று ஐந்து வகைத் திறன்கள். ரிப்போர்ட்டில் இதற்கும் ஒரு பத்தி இருக்கும், பாட கிரேடில் சேராது. ஆனாலும் "தன்னை நிர்வகித்தல்" பகுதியில் ஆசிரியர் எழுதும் வரியை ஒதுக்கிவிடாதீர்கள். எம்.ஒய்.பி.யில் கெடுவுக்குள் வேலை முடிக்கத் தடுமாறும் பிள்ளை டி.பி.யில் ரொம்பக் கஷ்டப்படும், அதன் முதல் அறிகுறி இந்த வரியில்தான் தெரியும்.

ஃபார்மேடிவ், சம்மேடிவ் இரண்டும் தேர்வுதானே?

ஃபார்மேடிவ் என்பது பாடம் நடக்கும்போதே எங்கே நிற்கிறோம் என்று பார்ப்பது. வினாடி வினா, முதல் வரைவு, சின்னப் பயிற்சி, எதுவாகவும் இருக்கலாம். சம்மேடிவ் யூனிட் முடிவில் வருவது, கிரேடுக்குக் கணக்கில் எடுப்பது. ஃபார்மேடிவில் குறைந்தால் பிள்ளையைத் திட்டாதீர்கள், குறை தெரிய வேண்டிய இடமே அதுதான்.

எம்.ஒய்.பி. ரிப்போர்ட்டில் ஏ, பி, சி, டி என்று போட்டு ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கிறார்கள். கணக்கில் 5 வந்திருக்கிறது. ஏழுக்கு ஐந்து என்றால் 71 சதவீதமா?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது, நிதானமாகப் படியுங்கள்.

முதலில், அந்த ஏ, பி, சி, டி தர வரிசை அல்ல. அவை நான்கு அளவுகோல்கள், கிரைடீரியன் என்பது அதுதான். எம்.ஒய்.பி.யின் ஒவ்வொரு பாடத்துக்கும் நான்கு உண்டு, ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 8. கணக்கில் ஏ என்பது அறிதலும் புரிதலும், பி என்பது வடிவங்களை ஆராய்ந்து விதியைக் கண்டுபிடிப்பது, சி என்பது கணித மொழியில் தெளிவாக எழுதுவது, டி என்பது நிஜ வாழ்க்கைச் சூழலில் கணக்கைப் பயன்படுத்துவது.

ஒரு பிள்ளைக்கு ஏ 7, பி 4, சி 6, டி 5 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 32க்கு 22. இந்தக் கூட்டலை 1 முதல் 7 வரையான கிரேடாக மாற்ற ஒரு நிலையான அட்டவணை உண்டு: 19 முதல் 23 வரை 5, 24 முதல் 27 வரை 6, 28இலிருந்து 7. ஆக இந்தப் பிள்ளைக்கு 5. இதைச் சதவீதமாக மாற்றுவதில் எந்தப் பொருளும் இல்லை. அந்த நான்கு எண்களைத் தனித்தனியாகப் பாருங்கள், எவ்வளவு சொல்கின்றன! ஏயில் 7 வாங்கிய பிள்ளைக்குப் பாடம் தெரியும். பியில் 4 என்றால், முன்பின் பார்க்காத ஒரு வடிவத்தைக் கொடுத்து விதியைக் கண்டுபிடி, அது ஏன் சரி என்று காட்டு என்றால் திணறுகிறது. இந்தப் பிள்ளையை டியூஷனுக்கு அனுப்பி இன்னும் நூறு கணக்குப் போட வைத்தால் ஏழு எட்டாகலாம், நாலு அசையாது. வேறு வகைப் பயிற்சிதான் வேண்டும், அதை ஆசிரியரிடம் நேராகவே கேட்கலாம்: "கிரைடீரியன் பியில் 4க்கும் 6க்கும் என்ன வித்தியாசம்? ஒரு மாதிரியைக் காட்டுங்கள்."

அந்த வித்தியாசம் எழுத்தில் இருக்கும் தாள்தான் ரூப்ரிக். ஒவ்வொரு நிலைக்கும் என்ன செய்திருக்க வேண்டும் என்று அதில் விவரித்திருப்பார்கள். வேலையைத் தொடங்கும் முன்பே பிள்ளை கையில் அது கொடுக்கப்பட்டிருக்கும். பெட் ஃபிட் என்று சொன்னதாகக் காதில் விழுந்தால் அது "பெஸ்ட் ஃபிட்": ஆண்டு முழுக்க வந்த எண்களின் சராசரி எடுக்காமல், பிள்ளை இப்போது எந்த நிலையில் நிற்கிறது என்று எல்லாச் சான்றுகளையும் பார்த்து ஆசிரியர் முடிவெடுப்பது. தொடக்கத்தில் தடுமாறிப் பிறகு தேறிய பிள்ளைக்கு இது நியாயமான முறை என்பது என் கருத்து.

பர்சனல் ப்ராஜெக்ட் பற்றி இவ்வளவு பேசுகிறார்களே?

எம்.ஒய்.பி. கடைசி ஆண்டில் வருவது. பிள்ளை தனக்குப் பிடித்த ஒன்றை எடுத்து, ஒரு இலக்கு வைத்து, ஒரு பொருளையோ விளைவையோ உருவாக்கி, அந்தப் பயணத்தை அறிக்கையாக எழுத வேண்டும். மேசை செய்யலாம், செயலி எழுதலாம், மாரத்தானுக்குத் தயாராகலாம். மதிப்பெண் அறிக்கைக்குத்தான், மேசையின் அழகுக்கு அல்ல. மேசை கோணலாகப் போய், ஏன் கோணலாகப் போனது என்று தெளிவாக எழுதிய பிள்ளைக்கு நல்ல கிரேடு வர முழு வாய்ப்பு உண்டு. பள்ளி ஆசிரியர் போட்ட மதிப்பெண்ணை ஐ.பி. மாதிரிகள் எடுத்துச் சரிபார்க்கும்.

டி.பி.யில் ஹெச்.எல்., எஸ்.எல். எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஆறு பாடங்கள். மூன்று ஹையர் லெவல், மூன்று ஸ்டாண்டர்ட் லெவல். நான்கு ஹெச்.எல். எடுக்கவும் அனுமதி உண்டு. ஹெச்.எல். பாடத்துக்கு 240 மணி நேரம், எஸ்.எல். பாடத்துக்கு 150 மணி நேரம் வகுப்பு என்று ஐ.பி. பரிந்துரைக்கிறது. மொழியும் இலக்கியமும், கற்கும் மொழி, மனிதரும் சமூகமும், அறிவியல், கணிதம், கலை என்று ஆறு குழுக்கள். கலை வேண்டாம் என்றால் அந்த இடத்தில் இன்னொரு அறிவியலோ சமூகப் பாடமோ எடுக்கலாம்.

பெற்றோர் தடுமாறுவது கணிதத்தில். ஏ.ஏ. என்பது அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ், ஏ.ஐ. என்பது அப்ளிகேஷன்ஸ் அண்ட் இன்டர்பிரட்டேஷன். செயற்கை நுண்ணறிவுக்கும் இந்த ஏ.ஐ.க்கும் சம்பந்தம் இல்லை. முதலாவது இயற்கணிதம், நுண்கணிதம், நிரூபணம் பக்கம் சாயும், அதன் முதல் தாளுக்குக் கால்குலேட்டர் கிடையாது. இரண்டாவது புள்ளியியல், மாதிரியமைத்தல் பக்கம் சாயும், எல்லாத் தாளுக்கும் கால்குலேட்டர் உண்டு. பொறியியல் படிக்க நினைக்கும் பிள்ளை எதையும் முடிவு செய்யும் முன் பல்கலைக்கழகம் எதைக் கேட்கிறது என்று பார்த்துவிட வேண்டும். பாதியில் மாறுவது சுலபம் இல்லை.

மொழியில் லாங்குவேஜ் ஏ என்பது தாய்மொழி அளவுக்குத் தெரிந்த மொழியில் இலக்கியம் படிப்பது, பி என்பது ஓரளவு தெரிந்த மொழி, ஆப் இனிஷியோ என்பது முதல் எழுத்திலிருந்து தொடங்குவது. தாய்மொழிக்கு ஆசிரியர் இல்லாத பள்ளியிலும், பள்ளியின் துணையோடு அதன் இலக்கியத்தைத் தானே படித்து எஸ்.எல். அளவில் எழுத ஒரு வழி உண்டு. நம் மொழியை விட்டுவிடக் கூடாது என்று நினைக்கும் வீடுகள் இதைப் பற்றிப் பள்ளியின் ஐ.பி. ஒருங்கிணைப்பாளரிடம் சீக்கிரமே பேச வேண்டும், கடைசி நேரத்தில் கேட்டால் நடக்காது.

45 மதிப்பெண் கணக்கு எப்படி?

ஆறு பாடத்துக்கும் தலா 7, ஆக 42. மீதி 3 கோர் என்ற பகுதியிலிருந்து. டிப்ளோமா கிடைக்கக் குறைந்தது 24 வேண்டும், ஆனால் 24 மட்டும் போதாது. ஹெச்.எல். பாடங்களில் மொத்தம் 12, எஸ்.எல். பாடங்களில் 9 வர வேண்டும், எந்தப் பாடத்திலும் 1 வரக் கூடாது. இன்னும் சில நிபந்தனைகளும் உண்டு. நல்ல கூட்டு மதிப்பெண் இருந்தும் ஒரு நிபந்தனை தவறி டிப்ளோமா போனால் மனம் உடைந்துவிடும், அதனால் இந்தப் பட்டியலைப் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு முறையாவது முழுதாகப் படியுங்கள்.

கோர் என்றால் டி.ஓ.கே., இ.இ., காஸ் என்கிறார்களே?

டி.ஓ.கே. என்பது தியரி ஆஃப் நாலெட்ஜ். ஒன்று நமக்குத் தெரியும் என்று எந்த ஆதாரத்தில் சொல்கிறோம் என்று கேட்கும் பாடம். எக்ஸிபிஷனுக்கு நிஜ உலகப் பொருள்கள் மூன்றை எடுத்து ஒரு கேள்வியோடு இணைத்து 950 சொற்களுக்குள் விளக்க வேண்டும், அப்புறம் 1,600 சொற்களுக்குள் ஒரு கட்டுரை. பெயர் ஒன்றாக இருந்தாலும் இந்த எக்ஸிபிஷனுக்கும் பி.ஒய்.பி. எக்ஸிபிஷனுக்கும் சம்பந்தமில்லை. கட்டுரையைத் திருத்துவது வெளியாள்.

இ.இ. எக்ஸ்டெண்டட் எஸ்ஸே, 4,000 சொல்லுக்கு மேல் போகாத ஆய்வுக் கட்டுரை. வழிகாட்டும் ஆசிரியர் மொத்தமாகச் செலவிடுவது மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம்தான், மற்றதெல்லாம் பிள்ளையின் உழைப்பு. பாதிப் பிரச்சினை கேள்வியிலேயே இருக்கிறது: "காலநிலை மாற்றத்தின் விளைவுகள்" என்று எடுத்தால் மூழ்கிவிடும், ஒரே இடம் ஒரே காலம் ஒரே அளவு என்று சுருக்கினால் கரையேறும். டி.ஓ.கே.யும் இ.இ.யும் ஏ முதல் இ வரை கிரேடு பெறும். இரண்டிலும் ஏ, அல்லது ஒன்றில் ஏ ஒன்றில் பி என்றால் முழு 3 மதிப்பெண். இரண்டில் எதிலாவது இ வந்தால் டிப்ளோமாவே கிடையாது.

காஸ் என்பது படைப்பு, உடலியக்கம், சேவை. 18 மாதம் தொடர்ந்து நடக்க வேண்டும். மதிப்பெண் இல்லை, ஆனால் முடிக்காவிட்டால் டிப்ளோமா இல்லை. மணி நேரத்தை எண்ணுவது பழைய வழக்கம். இப்போது பார்ப்பது பிள்ளை என்ன கற்றது என்பதற்கான பதிவைத்தான். அந்தப் பதிவை அவ்வப்போது எழுதச் சொல்லுங்கள்.

ஐ.ஏ., மாடரேஷன்?

இன்டர்னல் அசெஸ்மென்ட். பாடத்துக்கு ஒன்று உண்டு. கணிதத்தில் எக்ஸ்ப்ளோரேஷன், அறிவியலில் ஒரு சொந்த ஆய்வு. இந்த இரண்டிலும் பாட மதிப்பெண்ணில் 20 சதவீதம் இதற்கு. பள்ளி ஆசிரியர் திருத்துவார், ஐ.பி. சில மாதிரிகளை வாங்கி வெளியாளிடம் கொடுத்துப் பார்க்கும். ஆசிரியர் தாராளமாகப் போட்டிருந்தால் குறையும், கறாராகப் போட்டிருந்தால் கூடும். அதுதான் மாடரேஷன். வேறு ஒருவர் எழுதிக் கொடுத்ததையோ செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதியதையோ தன்னுடையது என்று கொடுத்தால் அந்தப் பாடத்துக்கு கிரேடே இல்லாமல் போகலாம். இதில் விளையாட வேண்டாம்.

கமாண்ட் டெர்ம்ஸ் என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். அவசியமா?

மிக மிக அவசியம். கேள்வியின் வினைச்சொல்தான் கமாண்ட் டெர்ம், ஒவ்வொன்றுக்கும் ஐ.பி. ஒரு பொருளை நிர்ணயித்து வைத்திருக்கிறது. ஒரே ஒளிச்சேர்க்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டேட் என்றால் விடையை மட்டும் சொல், விளக்கம் வேண்டாம். டிஸ்கிரைப் என்றால் ஒளி கூடக் கூட வேகம் ஏறி, ஒரு கட்டத்தில் நிலையாக நிற்கிறது என்று விவரமாகச் சொன்னால் போதும். எக்ஸ்ப்ளெய்ன் என்றால் ஏன் நிற்கிறது, அங்கே கார்பன் டை ஆக்சைடோ வெப்பநிலையோ கட்டுப்படுத்துகிறது என்று காரணம் வந்தாக வேண்டும். இவேல்யுவேட் என்றால் அந்தச் சோதனை முறையின் பலமும் பலவீனமும் இரண்டும் வேண்டும். டிஸ்கிரைப் கேள்விக்கு ஒரு பக்கம் காரணம் எழுதினால் நேரம்தான் போகும். எக்ஸ்ப்ளெய்னுக்கு வெறும் வர்ணனை எழுதினால் மதிப்பெண் போகும்.

கணிதத்திலும் உண்டு. ஹென்ஸ் என்று கேட்டால் முந்தைய பகுதியின் விடையைப் பயன்படுத்தித்தான் போட வேண்டும். ஹென்ஸ் ஆர் அதர்வைஸ் என்றால் வேறு வழியும் ஏற்பார்கள், ஆனால் முந்தைய விடை உதவும் என்று குறிப்புக் கொடுக்கிறார்கள். பாடம் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் மதிப்பெண் இழக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். வீட்டில் நீங்கள் செய்ய முடிந்த உதவியும் இதுதான், உங்களுக்குப் பாடம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை: பழைய வினாத்தாளில் வினைச்சொல்லை மட்டும் காட்டி "இதற்கு என்ன எதிர்பார்ப்பார்கள்?" என்று கேளுங்கள்.

ப்ரெடிக்டட் கிரேடு, கிரேடு பவுண்டரி?

முதலாவது, பிள்ளை இறுதியில் என்ன வாங்கும் என்று ஆசிரியர் கணிப்பது. பல பல்கலைக்கழகங்கள் இதை வைத்தே நிபந்தனையோடு இடம் தருகின்றன. ஆசிரியரைக் கெஞ்சி இதைக் கூட்டி வாங்கினால், பிறகு உண்மையான கிரேடு அந்த நிபந்தனைக்குக் கீழே விழும்போது இடம் போகும். நேர்மையான கணிப்புதான் பிள்ளைக்குப் பாதுகாப்பு.

இரண்டாவது, எத்தனை மதிப்பெண்ணுக்கு 7, எத்தனைக்கு 6 என்ற எல்லை. ஒவ்வொரு தேர்வுப் பருவத்திலும் தாளின் கடினத்தைப் பார்த்து இதை நிர்ணயிப்பார்கள். கடினமான சில ஹெச்.எல். பாடங்களில் நூற்றுக்கு எழுபதுகளிலேயே 7 வந்துவிடும். அதனால் மாதிரித் தேர்வில் 72 வாங்கி வந்த பிள்ளையிடம் முகத்தைச் சுளிக்கும் முன், எல்லை எங்கே என்று கேளுங்கள்.

முடிவு வந்து கிரேடு குறைந்துவிட்டால்?

மே மாதத் தேர்வுக்கு முடிவு ஜூலை தொடக்கத்தில் வரும். நவம்பரிலும் ஒரு பருவம் உண்டு. என்கொயரி அப்பான் ரிசல்ட்ஸ் என்பது மறுதிருத்தம், பள்ளி வழியாகத்தான் கேட்க வேண்டும், கட்டணமும் உண்டு. கிரேடு கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம், அதனால் பிள்ளையின் எழுத்துப்பூர்வ சம்மதம் வாங்குவார்கள். எல்லைக்கு ஒன்றிரண்டு மதிப்பெண் கீழே நிற்கும் பாடத்துக்குக் கேட்பதில் அர்த்தம் உண்டு, எல்லையின் மேல் விளிம்பில் தொற்றிக்கொண்டிருக்கும் பாடத்துக்குக் கேட்காதீர்கள். அந்தந்த தாளுக்கு எத்தனை வந்தது என்ற விவரம் ஒருங்கிணைப்பாளரிடம் இருக்கும், முதலில் அதை வாங்கிப் பாருங்கள். மீண்டும் எழுதுவது ரீடேக்; டிப்ளோமாவுக்கு மொத்தம் மூன்று தேர்வுப் பருவங்கள் வரை வாய்ப்பு, எல்லாப் பாடத்தையும் திரும்ப எழுத வேண்டியதில்லை, தேவையான பாடத்தை மட்டும் எழுதலாம். பதிவு செய்யும் கடைசி நாளை முடிவு வந்த வாரத்திலேயே ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.